வாயை நேராக்கிய ஆறடிப் படம்

என் பெயர் வசுமதி. வயது 46. கொல்கத்தாவில், பெஹாலாவில் குடியிருக்கிறேன். கரியாஹாட்டில் பெரிய அளவுப் புகைப்படங்கள் அச்சிடும் ஸ்டுடியோ நடத்துகிறேன். வங்காளம் தெரிந்திருந்தும், இந்த வாக்குமூலத்தைத் தமிழில் சொல்ல அனுமதி கேட்டுச் சொல்கிறேன்.

என் மேல் புகார் கொடுத்த குருமூர்த்தி என் அண்ணன். மும்பையில் பெரிய அதிகாரி. எங்கள் தாயார் சுப்புலக்ஷ்மி கடைசிவரை என்னுடன்தான் இருந்தார். பக்கவாதம் வந்த பிறகு அவர் வாய் இடப்பக்கம் கோணிவிட்டது. கஞ்சியை வலப்பக்கமாக ஊட்டினால்தான் உள்ளே போகும். அந்த நிலையில் அவரே கேட்டு எடுத்துக்கொண்ட படத்தை அண்ணனுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அதில் போவது சுருங்கிய பிரதி. மூலப்படம் என் கணினியில் இருப்பது அண்ணனுக்குத் தெரியும். தங்கையிடம் போய்க் கேட்பது அதிகாரிக்குக் கௌரவக் குறைவு போலும்.

தாயார் இறந்த பிறகு அண்ணன் வந்து, அந்தச் சுருங்கிய பிரதியைக் கைபேசிச் செயலியில் போட்டு முதலில் கூர்மையாக்கி, அதன் பிறகு ஆறடிக்குப் பெரிதாக்கி, ஹவுராவில் ஒரு கடையில் துணியில் அச்சடித்து வந்தார். பெரிதாக்கிய பிறகுதான், அதுவும் லேசாக, கூர்மையாக்க வேண்டும் என்பது என் தொழிலின் அரிச்சுவடி. அப்படிச் செய்யாததால் கூந்தலைச் சுற்றி வெள்ளைக் கோடு ஓடியது. அதையாவது பொறுத்திருப்பேன். படத்தில் இல்லாத விவரத்தையெல்லாம் செயலியே வரைந்து நிரப்பியிருந்தது. சுருக்கமில்லாத கன்னம், வரிசையான பல், நேரான வாய்.

பதின்மூன்றாம் நாள், துக்கம் கழிக்கும் சுபஸ்வீகாரத்தன்று அதற்கு மாலை போட்டு வைத்திருந்தார்கள். அதன் பிறகு பக்கத்து வீட்டு மீரா பௌதி (பௌதி என்றால் அண்ணி) பூவோடு வந்தவர், கையை நிறுத்திக்கொண்டு, இது யார் என்று வங்காளத்தில் கேட்டார். அம்மாவுக்குத் தினமும் தலை வாரிவிட்டவர் அவர்.

அதன் பிறகு நான் அண்ணனிடம், "இது அம்மா இல்லைண்ணா. எடுத்துடு. நான் வேற போட்டுத் தரேன்" என்றேன்.

அவர் சிரித்தார். "நன்னாத்தானே இருக்கு. வாய்கூட நேராயிடுத்து பாரு. எங்காத்து ஹால்லயும் இதைத்தான் மாட்டப்போறேன். சொந்தக்காரா எல்லாருக்கும் அனுப்பியாச்சு."

நோயில் கிடந்தபோது வந்து பார்க்காதவருக்கு எந்த வாயும் அம்மா வாய்தான். எனக்கு அருவருப்பாக இருந்தது. அதன் பிறகு மாலையைக் கழற்றித் தனியே வைத்துவிட்டு, துணியை மேலிருந்து கீழ்வரை கிழித்தேன். அண்ணனை நான் தொடவில்லை. தொடவும் பிடிக்கவில்லை.

தாயின் படத்தைக் கிழித்து அவமதித்தேன் என்ற புகாரை மறுக்கிறேன். கிழித்தது உண்மை. அதில் என் தாய் இல்லை. மூலப்படத்தைக் கொண்டுவந்திருக்கிறேன். கிழிந்த துணியையும் இதையும் அருகருகே வைத்து, இவற்றில் தன்னைப் பெற்ற தாய் யார் என்று அண்ணனையே கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

சொன்னதெல்லாம் நடந்தது. படித்துக் காட்டக் கேட்டேன், சரியாக இருக்கிறது. இதிலும் எதையும் யாரும் நேராக்க வேண்டாம்.

(ஒப்பம்) வசுமதி