பியாட்ரிஸ் டீச்சர் முன்னால் வைத்த மைக்

ஸ்ரீராம்புரத்துச் சந்துப் பிள்ளைகளின் நாக்கைத் திருத்திய நல்லாசிரியரே, பிரம்பெடுக்காத பெருந்தகையே, பசியையும் பாடத்தையும் ஒரே வரிசையில் நிறுத்திய பியாட்ரிஸ் டீச்சரே, இந்தப் பள்ளியின் சமையற்கட்டும் வாசற்கேட்டும் துடைப்பக்கட்டையும் சேர்ந்து உங்களுக்கு வணக்கம் சொல்கின்றன.

அச்சுக்கடையில் ஓய்வு பெறுகிறவர்களுக்கான வாழ்த்து மடல் தயாராகவே இருக்கிறது. பெயரை மட்டும் மாற்றித் தருவார்கள். டிரில் மாஸ்டருக்குப் படித்ததும் அதுதான், கிளார்க்குக்குப் படித்ததும் அதுதான். இருவருமே கருணைக் கடலாக இருந்தார்கள். கிளார்க்கை நமக்குத் தெரியும். அதனால் காவலாளி பச்சைமுத்து அந்தத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இங்கிலீசில் ஒரு பொருளின் பெயருக்கு முன்னால் ‘ஏ’ போடுவதா ‘ஆன்’ போடுவதா என்பதில் படித்தவர்களே தடுமாறுகிறார்கள். நீங்கள் அதைக் கரும்பலகையில் நடத்தவில்லை; மதியச் சோற்று வரிசையில் நடத்தினீர்கள். முட்டை போடும் நாளில் சமையற்காரி பாஞ்சாலியின் அண்டாவுக்குப் பக்கத்தில் நிற்பீர்கள். முட்டை வேண்டுமென்றால் ‘ஆன் எக்’, முட்டை தின்னாத வீட்டுப் பிள்ளை ‘ஏ பனானா’. “எழுத்தப் பாக்காதடா, சத்தத்தக் கேளு” என்பீர்கள். எங்கள் வாயிலோ முட்டை ‘யெக்’ என்றுதான் வரும். அப்படி வந்தால் காதும் ‘ஏ’தான் சரி என்று ஏமாற்றும். முன்னால் ஒட்டிய அந்த ‘ய’ சத்தத்தை உங்கள் குரலால் உரித்தெடுத்தீர்கள், முட்டை ஓட்டை உரிப்பதுபோல. தப்பாகச் சொன்ன பிள்ளைக்கும் தட்டில் முட்டை விழுந்தது. அதை நாங்கள் பார்த்தோம்.

பிறகு தொண்டையில் புற்று வந்தது. ஆபரேஷனில் குரல் போயிற்று. கழுத்தில் துணி சுற்றிக்கொண்டு திரும்பி வந்து அதே அண்டாப் பக்கத்தில் நின்றீர்கள். ‘ஏ’ என்றால் மூடிய கை, ‘ஆன்’ என்றால் விரித்த கை. பெரிய வகுப்புப் பிள்ளைகள் பிடித்துக்கொண்டார்கள். உங்கள் குரலையே கேட்டறியாத ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்தான் பழையபடி ‘ஏ யெக்’ என்றார்கள்.

அப்படி ஒரு முட்டை நாளில்தானா பள்ளிச் செயலாளர் பத்ரிநாத், நன்கொடை தருகிற ஆளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும்? வந்தவர் வரிசையில் நின்ற பிள்ளைகளைச் சொல்லச் சொல்லிக் கேட்டார், சிரித்தார். நீங்கள் விரித்த கையோடு நின்றீர்கள்.

“இவங்களுக்குப் பேச்சு வராது சார். நாங்கதான் ஸ்வல்ப அட்ஜஸ்ட் பண்ணிக்கினு இருக்கோம்” என்றார் செயலாளர், உங்கள் முகத்துக்கு முன்னாலேயே.

பாஞ்சாலி கரண்டியைக் கீழே வைக்கவில்லை. “வாய் போனது டீச்சருக்கு. உங்களுக்குக் கண்ணு போச்சா சார்? பசங்க சோத்துக்கு நிக்குது, இங்க இன்னா பரீட்சை?”

“நீ சமையலப் பாரும்மா.”

“அதத்தான் பாக்கறேன். நல்லாவே வேகுது.”

அந்த வாரமே உங்களிடம் ஓய்வுத் தாளில் கையெழுத்து வாங்கிவிட்டார்கள். இன்னும் இரண்டு வருஷம் சர்வீஸ் இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பரீட்சைவரைக்குமாவது விடுங்கள் என்று நீங்கள் எழுதிக் காட்டியதற்குப் பதில் இல்லை. அழைப்பிதழில் ‘விருப்ப ஓய்வு’ என்று போட்டிருக்கிறது. விருப்பம் யாருடையது என்பது இந்தப் பந்தலில் உட்கார்ந்திருக்கும் எல்லோருக்கும் தெரியும். சாமியானாவும் சால்வையும் அதை மூடாது.

நூறாண்டு வாழ்க என்று முடிக்கச் சொன்னார்கள். டாக்டர் சொன்னதை நீங்களும் மறைக்கவில்லை, நாங்களும் மறக்கவில்லை. உங்களிடம் பொய் படிக்க மாட்டோம். வலி இல்லாத ராத்திரிகள் அமையட்டும். கஞ்சி தொண்டையில் இறங்கட்டும். அல்சூர் வீட்டில் தனியாக இருக்கிறீர்கள். கதவைத் தட்ட ஆள் வந்துகொண்டே இருக்கட்டும். வருவோம்.

இன்னும் ஒன்று. நிகழ்ச்சி நிரலில் ஓய்வு பெறுகிறவரின் ஏற்புரை என்று ஒரு வரி எப்போதும் உண்டு. இந்த முறை இல்லை. பச்சைமுத்து போய்க் கேட்டார். “அவங்க இன்னா பேசப்போறாங்க, டைம் வேஸ்ட்” என்றார் செயலாளர். “அவங்க நிப்பாங்க சார், அது போதும்” என்று சொல்லிவிட்டு வந்தவர், மைக்கைத் தூக்கி உங்கள் நாற்காலிக்கு முன்னால் வைத்துவிட்டார்.

ஆகவே, எங்கள் டீச்சரே, இந்த மடல் முடிந்ததும் எழுந்து நில்லுங்கள். பாஞ்சாலி முட்டை அவித்து வைத்திருக்கிறாள், வாழைப்பழமும் இருக்கிறது. உங்கள் குரலைக் கேட்ட பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் முன்னால் வருவார்கள். கேட்காத பிள்ளைகள் அவர்கள் வாயைப் பார்த்துக்கொண்டு பின்னால் வருவார்கள். ஒவ்வொருவராக மைக்கில் முட்டையோ பழமோ கேட்பார்கள். நீங்கள் கை காட்டுங்கள். அதுதான் உங்கள் ஏற்புரை. கடைசிப் பிள்ளை தட்டை ஏந்திப் போகும்வரை கூட்டம் கலையாது.

பூட்டிய வாசற்கேட்டின் சாவி பச்சைமுத்துவிடம் இருக்கிறது.

இப்படிக்கு,
மேடையில் நாற்காலி போடப்படாத ஊழியர்கள்,
ஸ்ரீராம்புரம், பெங்களூரு.