வலிக்கவில்லை, இறுக்கம்தான்

இந்த விருந்துக்குத் தலைமை தாங்குவதோடு, மூன்றாவது துண்டு ஆப்பிள் பை இனிப்பையும் தட்டில் தாங்கி வீற்றிருக்கும் டிராக்டர் கடை அதிபர், பெருமதிப்பிற்குரிய லீலண்ட் ப்ரூயிட் அவர்களே! மாட்டிறைச்சியைப் பொழுதெல்லாம் புகையில் வாட்டி, எங்கள் நாவையும் நாளைய பயத்தையும் ஒருசேர உருகவைத்த ஆதரவாளர் சங்கப் பெரியோர்களே! சீருடைகளில் படிந்த செம்மண்ணை வெளுத்து வெளுத்து, வெளுக்காத கறையோடு வாழப் பழகிக்கொண்ட தாய்மார்களே! நாளை இறுதி ஆட்டத்தில் இறங்கவிருக்கும் ஹார்ட்வெல் கல்லூரியின் பேஸ்பால் வீரர்களே! கடைசி மேசையில், பக்கத்துக்கு இரண்டு காலி நாற்காலிகள் காவல் காக்க, தனியாக அமர்ந்திருக்கும் என் அண்ணன் வேட் கிரேபீல் அவர்களே! எல்லோருக்கும் மேலாக, இந்த மாலையின் நாயகர் கோச் வெர்லின் ஸ்டாடர்ட் அவர்களே! உங்கள் அனைவருக்கும் உயர்நிலைப் பள்ளி மாணவி டெஸ்ஸா கிரேபீலின் வணக்கம்.

பார்த்தீர்களா! நான் வணக்கம் சொன்னேன், நீங்கள் அத்தனை பேரும் இடது கையைத் தூக்கினீர்கள். இதுதான் நம் ஊர். கோச் தொப்பியைக் கழற்றி இடது கையால் அசைப்பார். அதனால் பாதிரியார் இடது கையை அசைக்கிறார், பெட்ரோல் பங்க் ஜெர்ரி இடது கையை அசைக்கிறார், போக்குவரத்தை நிறுத்தும் காவலர்கூட இடது கையால் நிறுத்துகிறார். வெளியூர் லாரிக்காரர்கள் குழம்பிப்போய் நின்றுவிடுகிறார்கள். அதுவும் ஒரு வகையில் வெற்றிதானே? இன்று மாலை மைதான வாசலில் நாம் திறந்துவைத்த கோச்சின் மரச்சிலையும் இடது கையைத்தான் உயர்த்திக்கொண்டு நிற்கிறது.

ஆண்டுதோறும் இந்த விருந்தில் பள்ளிப் பிள்ளை ஒன்று கோச்சைப் பாராட்டிப் பேசுவது வழக்கம். இந்த ஆண்டு அந்தப் பேறு எனக்கு. என் காகிதங்கள் புரளும் சத்தம் மைக்கில் கேட்டால் பொறுத்தருளுங்கள். அது என் உரையின் ஒரு பகுதி அல்ல.

கோச் இந்த ஊருக்கு வந்தபோது நம் அணி எப்படி இருந்தது? தோற்பது எங்கள் தொழில், துவண்டு திரும்புவது எங்கள் மரபு என்று இருந்தது. நம் ஊருக்கு ஆட வருவதை எதிரணிக்காரர்கள் ஆட்டம் என்றா சொன்னார்கள்? ஓய்வு நாள் என்றார்கள்! மைதானம் என்று ஒன்று இருந்ததா? இருந்தது. அதில் மாடுகளும் இருந்தன. ஆட்டக்காரர்களைவிட மாடுகள் நன்றாக ஓடின என்று சொல்பவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறார்கள். சிரிக்காதீர்கள் ப்ரூயிட் ஐயா, அன்று அந்த அணியில் முதல் தளத்தைக் காவல் காத்தவர் நீங்கள்தான்.

அந்த மேய்ச்சல் நிலத்தை மைதானமாக்கியவர் யார்? தன் பழைய டிரக்கில் மண் அள்ளி வந்து கொட்டியவர் யார்? மனைவி ஜோலீன் ஆன்ட்டி புல் வெட்ட, பின்னாலேயே சுண்ணாம்புக் கோடு போட்டவர் யார்? பண்ணை பண்ணையாகப் போய்ப் பிள்ளைகளைப் பிடித்து வந்தவர் யார்? நம் கேட்சர் ரூபன் ஒர்டேகாவின் வீட்டுக்கு அவர் போனபோது ரூபனின் அப்பா கேட்டாராம்:

"எம்மவன் அங்க படிக்க வரானா, பந்து புடிக்க வரானா?"

"ரெண்டும்தாங்க. பந்தைக் கீழ போட்டான்னா, படிக்க அனுப்பிடுவேன்."

அப்படிப்பட்ட கல்விமான் நம் கோச்!

ஆனால் மண்ணும் புல்லும் மட்டுமா வெற்றியைத் தந்தன? இல்லை. கோச் இந்த அணிக்கு எறியக் கற்பிக்கும் முன்பு, அடிக்கக் கற்பிக்கும் முன்பு, ஓடக் கற்பிக்கும் முன்பு, ஒன்றைக் கற்பித்தார். வாய் திறக்காமல் இருக்கக் கற்பித்தார்.

பேஸ்பால் ஆடும் எல்லா ஊரிலும் உள்ள வழக்கம்தான் இது. நம் பிட்சர் எறியும் பந்தை எதிரணி ஒருமுறைகூட ஒழுங்காக அடித்து ஓட முடியவில்லை என்றால், அதைப் பற்றி யாரும் பேசக்கூடாது. அவனோடும் பேசக்கூடாது. பெஞ்சில் அவன் பக்கத்தில் உட்காரவும் கூடாது. பேசினால் கண்பட்டுவிடும், அடுத்த பந்தே அடிபடும். மற்ற ஊர்களில் இது மூடநம்பிக்கை. நம் ஊரில் கோச் இதைச் சட்டமாக்கினார்; நாம் இதைச் சமயமாக்கினோம்.

மேவிஸ் அம்மையார் வந்திருக்கிறாரா? அதோ, வாசலோரம். வணக்கம் அம்மா. பல வருடங்களுக்கு முன் இவர் மகன் எறிந்துகொண்டிருந்தான். ஒன்பதில் எட்டாவது இன்னிங்ஸ். பெற்ற வயிறு பொறுக்குமா? எழுந்து நின்று கத்தினார்: "கண்ணு! இன்னும் ஒருத்தனும் அடிக்கலடா!" அடுத்த பந்து வேலியைத் தாண்டிப் போனது. அன்று முதல் இன்றுவரை அம்மையார் ஆட்டத்தை வண்டி நிறுத்துமிடத்தில் தன் காருக்குள் உட்கார்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுத்தான் பார்க்கிறார். மகனுக்கே இப்போது மகன் இருக்கிறான். தண்டனை இன்னும் முடியவில்லை. "எப்பம்மா உள்ள வருவீங்க?" என்று நான் கேட்டேன். "கார்ல ஹீட்டர் இருக்குடி, நான் அங்கயே இருந்துக்கறேன்" என்றார். என்னே தியாகம்!

நம் வானொலி அறிவிப்பாளரைக் கேளுங்கள். "நேயர்களே, இதுவரை நடக்காதது இன்னும் நடக்கவில்லை" என்பார். ஊரே புரிந்துகொண்டு மூச்சைப் பிடித்துக்கொள்ளும். வேறெந்த ஊரில் இவ்வளவு நுட்பமான இலக்கியம் உண்டு?

சட்டம் வளர்ந்தது. சொல்லக்கூடாத சொற்கள் பெருகின. அவற்றில் தலையாய சொல் ஒன்று உண்டு. அதை இன்னும் சிறிது நேரம் கழித்துச் சொல்கிறேன். அந்தச் சொல்லுக்குப் பதிலாக நம் அணியில் வழங்குவது "இறுக்கம்". தோள் எரிகிறதா? இறுக்கம். விரல் வீங்கியிருக்கிறதா? இறுக்கம். ரூபன் அண்ணாவின் கட்டைவிரலில் எலும்பே முறிந்தபோது, டாக்டர் எக்ஸ்ரே படத்தைக் காட்ட, இவர் சொன்னார்: "கொஞ்சம் இறுக்கமா இருக்கு டாக்டர்." டாக்டர் சொன்னார்: "தம்பி, இது இறுக்கம் இல்ல, இது ரெண்டு துண்டு." ரூபன் அண்ணா, மறைக்காதீர்கள், இந்த ஊருக்கே தெரியும்.

இறுக்கம் என்றால் ஆடலாம். இன்னொரு சொல்லைச் சொன்னால் ஆட்டம் கிடையாது, பெஞ்சுதான். பெஞ்சில் கிடந்தால் அடுத்த ஆண்டு கல்லூரி தரும் உதவித்தொகை கிடைக்குமா? அதையும் யாரும் கேட்பதில்லை. கேட்காத அணி கலங்காத அணி! கலங்காத அணி தோற்காத அணி! கைதட்டுங்கள், இது கோச் அடிக்கடி சொல்லும் வாசகம்.

நன்றி. இனி கடந்த சனிக்கிழமைக்கு வருகிறேன்.

அரையிறுதி. பந்தெறியும் மேட்டின் மீது என் அண்ணன் வேட். அடிக்க வந்தவர்கள் காற்றை அடித்தார்கள், வெயிலை அடித்தார்கள், தங்கள் விதியை நொந்து தலையில் அடித்துக்கொண்டார்கள். பந்தை மட்டும் அடிக்கவில்லை. ஐந்தாவது இன்னிங்ஸில் அவன் பக்கத்து இருக்கை காலியானது. ஆறாவதில் அவனுக்குத் தண்ணீர் கொடுப்பதும் நின்றது. நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றிருந்தேன். என்ன பார்த்தேன்? சூரியகாந்தி விதைப் பொட்டலத்தை அவன் பல்லால் கிழித்தான். தண்ணீர்க் குவளையை இடது கையால் எடுத்தான். வலது கையின் கடைசி இரண்டு விரல்களை, அவை வேறு யாருடையவோ என்பதுபோல் பார்த்துக்கொண்டிருந்தான்.

பந்தின் வேகம் குறைவதை ரூபன் அண்ணா கண்டுபிடித்துவிட்டார். அவர் கோச்சிடம் போனார்.

"கோச், வேடோட பந்து..."

"வாயை மூடுடா! பேரைச் சொல்லாத!"

"இல்ல கோச், அவன் கை..."

"ரூபன், உனக்கும் கார்ல உக்காந்து ஆட்டம் பாக்கணுமா?"

ரூபன் அண்ணா திரும்பிவிட்டார். ஆட்டம் முடிந்தது. ஒருவரும் அடிக்கவில்லை. வரலாறு படைத்தோம்! எல்லோரும் வேடின் மேல் விழுந்தார்கள், கட்டிப் புரண்டார்கள். அவன் வலது கையை மட்டும் நெஞ்சோடு சேர்த்து வைத்திருந்தான். மறுநாள் படத்தின் கீழ் செய்தித்தாள் எழுதியது: உணர்ச்சிவசப்பட்டு நெஞ்சில் கைவைத்து நிற்கும் வீரர்!

நாளையும் அவன்தான் எறியப்போகிறான். அதனால்தான் அந்தக் காலி நாற்காலிகள். அதிர்ஷ்டம் இன்னும் நடப்பில் இருக்கிறதாம். இன்றைய விருந்தில்கூட அவனோடு யாரும் பேசவில்லை. கிழங்கு மசியலை மேசையின் மறுமுனையிலிருந்து தள்ளிவிட்டார்கள். அது பாதி வழியில் நின்றுவிட்டது. எட்டி எடுக்க அவனுக்குக் கை இல்லை.

நான் ஒருத்திதான் அவனோடு பேசுகிறேன். ஒரே வீட்டில் இருக்கிறோம், தவிர்க்க முடியவில்லை. இன்று மாலை என்னிடம் வந்து நின்றான்.

"டெஸ், இந்தச் சட்டைப் பித்தானை மாட்டி விடு."

"உனக்குக் கை இல்லையா?"

"இறுக்கமா இருக்கு."

"நெசமா சொல்லு, வெறும் இறுக்கம்தானா?"

"இறுக்கம்னு சொன்னேன்ல? மாட்டு."

"நாளைக்கு எறிஞ்சா என்ன ஆகும்?"

"ஜெயிப்போம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன அப்புறம்? இந்த ஊர்ல அப்புறம்னு ஒண்ணு இருக்கா? யார்கிட்டயாச்சும் சொன்னேன்னு வை, ஜென்மத்துக்கும் உன்கூடப் பேச மாட்டேன்."

சொல்லிவிட்டேன். அவன் இப்போது போட்டிருப்பது அந்தச் சட்டைதான். கழுத்துப் பித்தான் கோணலாக இருக்கிறது, அவசரத்தில் நான் மாட்டியது.

பெரியோர்களே, இதற்கெல்லாம் கோச் கொடியவர் என்று சொல்லவா நான் மேடையேறினேன்? எங்கள் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எங்கள் கோதுமையை அறுத்துக் கொடுத்தவர் இவர். பிறகு ஏன் கேட்க மறுக்கிறார்? விடை எனக்கு இன்று மாலை, சிலைத் திறப்பில் கிடைத்தது. பக்கத்தில் நின்ற ஜோலீன் ஆன்ட்டியிடம் சும்மா கேட்டேன்: "ஏன் ஆன்ட்டி, கோச் எப்பவும் இடது கையைத்தான் தூக்கறாரு?"

"வலது கை தோளுக்கு மேல போகாதுடா கண்ணு. அவரும் காலேஜ்ல பிட்சர்தான். அவரோட கோச் ஒரு தடவை எப்படி இருக்குன்னு கேட்டாரு. இவரு இறுக்கமா இருக்குன்னாரு. அதோட எறிஞ்சாரு, அவ்ளோதான், கை முடிஞ்சுது."

"ஊர்ல யாருக்குமே தெரியாதே!"

"யாரும் கேக்கலயே. நீதான் கேட்ட."

ஆக, நாம் எதைப் பின்பற்றினோம்? எதற்குச் சிலை வைத்தோம்? ஒரு மனிதரின் தூக்க முடியாத கையை ஊரே கூடி ஒரு பாணியாக்கினோம்! அவர் வலியை நாம் வணக்கமாக்கிவிட்டோம்!

ஆமாம், சொல்லிவிட்டேன். வலி. அந்தச் சொல் இதுதான். கூரை இடிந்து விழுந்ததா? இல்லையே!

ப்ரூயிட் ஐயா, மணியை அடிக்காதீர்கள், முடிக்கப்போகிறேன். பாராட்டுரை என்றால் நாயகருக்கு மரியாதை செய்து முடிக்க வேண்டும். எல்லோரும் எழுந்து நில்லுங்கள். இம்முறை இடது கை வேண்டாம். வலது கை. நன்றாக, தலைக்கு மேலே. தாய்மார்களே, தூக்குங்கள்! ஆட்டக்காரர்களே, தூக்குங்கள்! ரூபன் அண்ணா, அந்த வளைந்த கட்டைவிரலோடு தூக்குங்கள்! மேவிஸ் அம்மையாரே, நீங்களும்!

ஆகா. எத்தனை கைகள்!

இப்போது சுற்றிப் பாருங்கள். இந்த மண்டபத்தில் இரண்டு கைகள் மட்டும் எழவில்லை. ஒன்று மேடையில், எனக்குப் பக்கத்தில். இன்னொன்று கடைசி மேசையில்.

சனிக்கிழமை வேலியோரம் நான் கேட்காமல் இருந்தேன். இன்று கேட்கிறேன். அண்ணா, கை வலிக்குதா?

பதில் வரும்வரை நான் உட்காரமாட்டேன். நீங்களும் கையை இறக்காதீர்கள்.

என்ன? கேட்கவில்லை, உரக்கச் சொல்.

"வலிக்குதுடி."

பின்வரிசைக்குக் கேட்டதா? வலிக்கிறதாம். கையை இறக்கலாம். நன்றி.

கோச், எழுந்துவிட்டீர்களே! கோபமா? வாசல் அந்தப் பக்கம்... இல்லை, அவர் வாசலுக்குப் போகவில்லை. தன் நாற்காலியை இடது கையால் இழுத்துக்கொண்டு போகிறார். வழிவிடுங்கள். அந்தக் கிழங்கு மசியலையும் எடுத்துக்கொண்டு போகிறார்.

உட்கார்ந்துவிட்டார். வேடுக்குப் பக்கத்தில்.

நாளை நாம் தோற்கலாம். இத்தனை ஆண்டுகள் தோற்றுப் பழகிய ஊர்தானே, மறந்தா போயிருக்கும்? பொறுமையாகக் கேட்ட அவைக்கும், மணியை அடிக்காமல் விட்ட தலைவருக்கும், உண்மையைச் சொன்ன ஜோலீன் ஆன்ட்டிக்கும் என் நன்றி. மேவிஸ் அம்மா, நாளை வெளியில் குளிரும், உள்ளே வந்து உட்காருங்கள். எதை வேண்டுமானாலும் கத்துங்கள். உங்கள் எல்லோருக்கும், எந்தக் கை வலிக்கவில்லையோ அந்தக் கையால், என் வணக்கம்.