கேளாமல் எடுத்த குரல்

மாட்சிமை பொருந்திய அவைத்தலைவர் சென்னப்பன் அவர்களே! மேடையை நிறைத்திருக்கும் பெரியோர்களே! காரிமங்கலத்து வெயிலையும் வென்று வந்து குழுமியிருக்கும் தாய்மார்களே! இண்டூர் வானொலிக் கல்விக் குழுவின் சார்பில் ராஜமேரி உங்களை வணங்குகிறேன்.

ஆய்வாளர் கிருஷ்ணப்பன் அவர்களைப் பாராட்டிப் பேசவும் பொன்னாடை போர்த்தவும் என்னை அழைத்தீர்கள். என் நாக்கு மறுக்கிறது!

மாலைதோறும் வானொலிப் பெட்டியைச் சுற்றி அமர்வோம். பாடம் கேட்போம். பெட்டியை அணைத்துவிட்டு, ஒருவருக்கொருவர் பேசிப் பேசியே கற்போம். "நீங்க கூடிப் படிக்கறத ஆராயணும்" என்று வந்தார் இவர். பாய் விரித்தோம், மோர் கொடுத்தோம், மனத்தையும் திறந்தோம். இவருடைய பைக்குள் ஒலிப்பதிவுக் கருவி ஓடியதை யார் அறிந்தோம்?

ஒருநாள் பிள்ளை வளர்ப்புப் பாடம். முடிந்ததும் எங்களில் ஒரு தாய், கட்டிய கணவரிடமும் சொல்லாத துயரத்தைச் சொல்லி அழுதார். கூடவே நாங்களும் அழுதோம். அந்த அழுகையைத்தான் தருமபுரிக் கருத்தரங்கில் இவர் ஓடவிட்டார்! கேட்டவர்களில் அந்தத் தாயின் கொழுந்தனாரும் ஒருவர். அன்றே சேதி வீட்டுக்குப் போயிற்று. அன்றே அந்தத் தாயைத் துரத்திவிட்டார்கள்.

என்ன அண்ணே? அப்படி என்ன சொன்னார் என்றா கேட்கிறீர்கள்? சொல்ல மாட்டேன்! இவ்வளவு சொல்லத்தான் அவர் எனக்கு இசைவு தந்தார். இதற்கு மேல் ஒரு சொல் சொன்னால் நானும் திருடிதான்!

இவரிடம் நியாயம் கேட்கப் போனோம். "நான் பேரே சொல்லலையேம்மா. நாலு பேருக்கு நல்லதுதானே?" என்றார்.

அந்தத் தாய் கேட்டார்: "பேரு எதுக்குங்க? எங்கொரலு எங்க வூட்டாளுங்களுக்குத் தெரியாதுங்களா?"

பதிலுக்கு என்ன வந்தது? அந்த ஆய்வுக்காக இவருக்கு முனைவர் பட்டம் வந்தது!

நாங்கள் திரண்டுபோய் அவர் கணவரிடம் மன்றாடினோம். பல மாதம் கழித்தே கதவு திறந்தது. இப்போது அந்தத் தாய் குழுவுக்கு வருகிறார், வாய்தான் திறப்பதில்லை. அவர் மட்டுமா? யாராவது ஒரு பையைக் கொண்டுவந்து வைத்தால் போதும், எங்கள் அத்தனை பேர் பேச்சும் நின்றுபோகிறது!

மணி அடிக்கிறீர்களா தலைவரே? அடியுங்கள்!

ஆய்வாளரே! கல்லை ஆராயலாம், நெல்லை ஆராயலாம்; அவை அழுவதில்லை. மனிதரை ஆராய வந்தவர் அனுமதி கேட்க வேண்டாமா? எங்கே ஓடவிடுவேன், யாருக்குப் போட்டுக் காட்டுவேன் என்று சொல்ல வேண்டாமா? மறுத்தால் விலக வேண்டாமா? கேட்டுப் பெற்றால் அது கல்வி! கேளாமல் எடுத்தால் களவு! களவு! களவு!

அந்த ஒலிநாடாவை எங்களிடம் ஒப்படையுங்கள். அதுவரை இந்தப் பொன்னாடையை என் கையால் உங்களுக்குப் போர்த்த மாட்டேன். இதோ, மேசைமேல் வைக்கிறேன்.

செவிமடுத்த சபைக்கு நன்றி. அந்தத் தாய்க்கு, உங்கள் அனைவர் முன்னும் என் வணக்கம்!