இரண்டு விரல்

பதுளையில் பனி விலக நேரமாகும், சேர். அதனால் நாங்கள் எட்டரைக்கு முன் பயிற்சி தொடங்குவதில்லை. பந்து நனைந்தால் விரலில் நிற்காது. பேஸ்போலில் நான் பிட்சர், பந்து எறிகிறவன். என் வேலை முழுக்க விரலில்தான்.

நீங்கள் அழகரைப் பொலிஸ் ஸ்டேஷனுக்குக் கூட்டிவந்து உட்கார வைத்திருப்பதாகச் சொன்னார்கள். அவர் எங்கள் இரும்புக் கடையில் பதினெட்டு வருடமாக வெல்டிங் செய்கிறவர். உங்கள் மேசையில் இருக்கிற அந்த முகக்கூண்டை அவர் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. செய்யாத வேலைக்கு ஒரு மனிதனைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. அதற்காகத்தான் நானே வந்தேன். கூண்டை உங்களிடம் கொண்டுவந்து கொடுத்தது யார் என்று நான் கேட்கவில்லை.

கிரிஷாந்தனைப் பற்றி முதலில் சொல்ல வேண்டும். அடிக்கிறவனுக்குப் பின்னால் குந்தியிருந்து என் பந்தைப் பிடிக்கிற கெட்சர் அவன். எங்கள் கழகத்துக்கு வந்தபோது வயது இருபது. மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்ட லயத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவான். மட்டை சுழன்றதும் கண்ணை மூடிக்கொள்வான். கெட்சருக்கு அதைவிடப் பெரிய குறை இல்லை. அதை அவனே சரிசெய்தான். முகத்தைக் காக்கிற அந்தக் கம்பிக் கூண்டை மாட்டி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என் முன்னால் குந்துவான்.

“மொகத்துக்கே எறிங்கண்ணே. கண்ணு சிமிட்டாம பழகணும்.”

எறிந்தேன். மூன்று மாதத்தில் இமை அசைவது நின்றுவிட்டது.

பிறகு அவன் வளர்ந்த வேகத்தை நாங்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். தரையில் குத்தி எழும் பந்தை நெஞ்சைக் கொடுத்து மறிப்பான். குந்திய இடத்திலிருந்து எழும்பி இரண்டாம் தளத்துக்கு எறிந்தால், அந்தத் தளத்துக்குத் திருட்டு ஓட்டம் ஓடுகிறவன் பாதி வழியிலேயே தலையைத் தொங்கப்போட்டுவிடுவான். அடிக்கிறவன் கால் வைக்கிற விதத்தைப் பார்த்தே எந்தப் பந்துக்குக் காத்திருக்கிறான் என்று கண்டுபிடிப்பான். நான் கோபப்பட்டால் நடுவரிடம் நேரம் கேட்டு என்னிடம் நடந்து வருவான்.

“பசறை பஸ்ஸுல ஒத்தக் கால்ல நின்னுக்கிட்டு வந்தேண்ணே. ஒங்களுக்கு ரெண்டு காலும் தரையிலதானே இருக்கு?”

சிரித்துவிடுவேன். அடுத்த பந்து சரியாகப் போகும். மாகாணத்திலேயே நல்ல பிட்சர் கஜேந்திரன் என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன்.

போன வருடம் ஜப்பானிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். எங்கள் ஆட்டத்தைப் படம் பிடித்து, கழக அறையில் எல்லோர் முன்னாலும் மெதுவாக ஓட்டிக் காட்டினார். நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்த பதினொரு பந்துகளில் ஏழு, செல்லுபடியாகும் எல்லைக்கு வெளியே போனவை. கிரிஷாந்தனின் கை அவற்றைப் பிடித்த அதே கணத்தில் ஒரு விரற்கடை உள்ளே இழுத்திருந்தது. நடுவர் பார்த்தது அதைத்தான். நல்ல பிட்சரை உண்டாக்குகிற கைகள் என்றார் அவர். எல்லோரும் கைதட்டினார்கள்.

“அண்ணே எறியாட்டி நான் என்னத்தப் புடிக்கிறது, சேர்?” என்றான் கிரிஷாந்தன்.

அவன் எனக்குப் பிச்சையாகப் போட்ட அந்த இரக்கத்தை நான் மறக்கவில்லை.

ஜப்பானில் ஒரு தொழில்முறை அணியில் அவனுக்கு இடம் கிடைத்தது. சித்திரை வருடப் பிறப்பு முடிந்ததும் புறப்பட வேண்டும். அவன் போன அடுத்த ஆட்டத்திலேயே என் பந்து எங்கே போகிறது என்று ஊர் முழுக்கப் பார்த்திருக்கும்.

பங்குனியில் கூண்டின் குறுக்குக் கம்பி ஒன்றில் ஒட்டு விட்டுப்போனது. இடது கண்ணுக்கு நேரே உள்ள கம்பி. “ஒங்க கடையில ஒட்டித் தாங்கண்ணே” என்று என்னிடம் கொடுத்தான். அழகரிடம் கொடுத்தால் ஐந்து நிமிட வேலை. அவருக்கு அன்று வேலை அதிகம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மரத்தின் ஓட்டையை அடைக்கிற மக்கை வெடிப்பில் அப்பி, காய்ந்ததும் தேய்த்து, கறுப்புப் பெயின்ட் அடித்தேன். மற்றக் கம்பிகளின் நிறத்துக்கு வர இரண்டு தரம் பூச வேண்டியிருந்தது.

“புதுசு மாதிரி இருக்குண்ணே” என்றான்.

ஒன்பது நாள் ஒன்றும் நடக்கவில்லை. ஒரு பந்தும் கூண்டில் படவில்லை. அவன் எல்லாவற்றையும் பிடித்துவிட்டான்.

பத்தாம் நாள் காலை, பயிற்சியில், அவன் தொடைகளுக்கு நடுவில் இரண்டு விரலைக் காட்டினான். ஒரு விரல் என்றால் வேகப்பந்து. இரண்டு என்றால் மெதுவாக வந்து தாழ்கிற பந்து. கையுறையைத் தாழ்த்தி வைத்துக்கொண்டு காத்திருந்தான். எனக்கு விரல்கள் தெளிவாகத் தெரிந்தன. வேகப்பந்தை முகத்துக்கு எறிந்தேன். என் வாழ்க்கையில் குறி மயிரிழையும் பிசகாமல் போன பந்து அதுதான், சேர். அதை யாரும் உள்ளே இழுத்துக் காட்ட வேண்டியிருக்கவில்லை.

அவனைத் தூக்கிக்கொண்டு ஓடியதும் நான். வார்ட்டு வாசலில் இரண்டு நாள் இருந்ததும் நான். இடது கண் போய்விட்டது. கழகத்தார் விசாரிக்க வந்தபோது அவன் கட்டிலில் கிடந்தபடி, “சைகைய நான்தான் மாத்திக் காட்டிட்டேன். அண்ணே மேல ஒண்ணும் இல்ல” என்றான். அவன் ஒருநாளும் மாற்றிக் காட்டியதில்லை. நான் சைகையைத் தப்பாகப் பார்த்து எறிந்துவிட்டேன் என்று நினைத்து, பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டான். அவன் அம்மா கனகம், கொழுந்துக் கறை பிடித்த விரல்களால் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “தம்பி, நீங்க இல்லாட்டி எம்புள்ள உசுரே போயிருக்கும்.” நான் மறுக்கவில்லை. அந்த நேரத்தில் அவரை ஏன் கலங்க வைக்க வேண்டும்?

ஆக, மக்கு அப்பியது நான். சைகையைப் பார்த்துவிட்டு மாற்றி எறிந்தது நான். அழகரை வீட்டுக்கு அனுப்புங்கள்.

ஒன்றை மட்டும் சரியாக எழுதிக்கொள்ளுங்கள். கிரிஷாந்தன் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. மொழி தெரியாத நாட்டில் தனியாக அவன் என்ன பாடு பட்டிருப்பான்? இங்கே நான் இருக்கிறேன். ஞாயிறு தவறாமல் மடுல்சீமைக்குப் போகிறேன். இந்த மாதம் முழுக்க, என்னைக் கண்டதும் எழும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்கிறான். வெயில் கூசும்போல. நான் வாசலிலேயே உட்கார்ந்து காத்திருக்கிறேன், சேர். என்னை விட்டால் அவனுக்கு வேறு யார் இருக்கிறார்கள்?