இரண்டு பூச்சு சுண்ணாம்பு

கதவைச் சாத்துங்கள். கரண்ட் வர நேரமாகும்... இதை எனக்குச் சொன்னவன் பாபு. நம் பெயிண்ட் லைனில் ஏ ஷிப்ட் பார்க்கிறானே, அவன்தான். அவன் சித்தி கனகத்துக்கு நடந்தது. ரெண்டாயிரத்து நாலு, சித்திரை மாசம்.

பொழுது சாய்ந்து ஏழு மணி. பிள்ளைப்பாக்கம் தாண்டி ஏரிக்கரை ரோடு. கம்பெனி பஸ்கூடப் போகாது. அங்கே ஒரு ஸ்தூபி நிற்கும். கூலி உயர்வு கேட்டுப் போராடிச் செத்த விவசாயக் கூலிகள் ஏழு பேரின் பெயர் அதில் வெட்டியிருக்கும். ஆறு ஆண்கள். ஒரு பெண்... சரோஜா.

அந்தச் சரோஜாதான் கனகத்தின் புருஷன் கோதண்டராமனுக்கு முதல் சம்சாரம்.

வருஷாவருஷம் நினைவு நாளுக்கு முந்தின நாள் அவர்தான் ஸ்தூபிக்குச் சுண்ணாம்பு அடிப்பார். பெயர்களுக்குச் சிவப்புப் பெயிண்ட் தீட்டுவார். மறுநாள் காலையில் ஒவ்வொரு பெயராகக் கூப்பிடுவார். கூட்டம் வீரவணக்கம் சொல்லும். சரோஜா பெயர் வரும்போது மட்டும் அவர் குரல் கம்மும். பன்னிரண்டு வருஷம் குடித்தனம் செய்த கனகத்தை "இந்தா மே" என்றுதான் கூப்பிடுவார். ஒரு தடவைகூடக் கனகம் என்றதில்லை. வயிறு எரியாதா? எரிந்தது. செத்தவளோடு சண்டை போடவும் முடியாது.

அன்றைக்குப் பெயிண்ட் அடித்த அலுப்பில் அவர் வந்து படுத்ததும், மிச்சச் சுண்ணாம்பை எடுத்துக்கொண்டு இவள் கிளம்பினாள். சரோஜா பெயர்மேல் ஒரு பூச்சு. சிவப்பு தெரிந்தது. இன்னொரு பூச்சு... சுத்தமாக மறைந்தது.

"இப்போ கூப்புடு, பாக்கலாம்," என்றாள்.

திரும்பி நடந்தாள். பின்னால் சளக்... சளக்... சேற்றில் கால் எடுத்து வைக்கிற சத்தம். ஏரி வற்றி ஒரு மாசம் ஆகியிருந்தது. நாற்று பிடுங்கிய ஈர வாசனை வேறு. சத்தம் அவளைத் தாண்டி முன்னால் போனது. அவள் வீட்டுப் பக்கமாக.

கனகம் ஓடிப்போய்க் கதவைத் தட்டினாள். கோதண்டராமன் திறந்தார். விளக்கைத் தூக்கி அவள் முகத்தைப் பார்த்தார்.

"யாரும்மா நீ? இன்னா வோணும்?"

உள்ளேயிருந்து ஒரு பெண் குரல், யார் வந்திருப்பது என்று கேட்டது.

"யாரோ, தெர்ல சரோஜா. நீ படு," என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

அழுதுகொண்டே அக்கா வீட்டுக்கு, அதாவது பாபு வீட்டுக்கு வந்தவள்தான் கனகம். அங்கேதான் இருக்கிறாள் என்று போன மாசம்வரை அவனே சொன்னான்.

நேற்று ஷிப்ட் மாறும்போது, சித்தி எப்படி இருக்கிறார் என்று பாபுவிடம் கேட்டேன்.

அவன் என்னை ஒரு மாதிரி பார்த்தான்.

"எந்த சித்தி? எங்கம்மாவுக்குக் கூடப் பொறந்தவங்களே கெடையாதே..."