விதைக்கோட்டையின் பின்சுவர்

எனக்குக் காற்றோட்டமான வீடுதான் பிடிக்கும். சேலத்தில் என் வீட்டுக்கு நாலு பக்கமும் சன்னல். அதனால் நான் சன்னலுக்கு விரோதி என்று யாராவது தங்களிடம் சொல்லியிருந்தால், ஐயா, நம்ப வேண்டாம்.

கொல்லிமலையில், பைல் நாடு என்னும் பகுதியில் ஒரு பழைய கல் கட்டடம் இருக்கிறது. விதைக்கோட்டை என்பார்கள். ஒரே ஒரு குள்ள வாசல், சன்னல் கிடையாது. அந்த நாட்டு விதைத் தினையும் சாமையும் அதற்குள்தான். சர்க்கார் அதைப் பாதுகாக்கப்பட்ட கட்டடமாக அறிவித்து, என்னை ஓவர்சியராகப் போட்டது. கதவோ சுவரோ, ஒரு கல்லை அசைக்கவும் இந்த அருணாசலத்தின் அனுமதி வேண்டும். போன தை மாதம், மக்கிப்போன புல் கூரையைப் பிரித்தெறிந்துவிட்டுச் சுண்ணாம்புத் தளம் போட்டேன். ஒரு சொட்டு ஒழுகாது. காவல்காரன் செங்கோடன் கும்பிடுவான் என்று பார்த்தால், தலையைச் சொறிந்தான்.

"புகை கூரை வழியாத்தானுங்க போவும். இப்ப ஒரு சன்னல் வெச்சுக்க உத்தரவு குடுங்க சாமி."

விதைப்புகை அவர்கள் வழக்கம். கார்த்திகை மழையில் விதைக்குப் பூச்சி விழாமல் இருக்க, காவல்காரன் உள்ளே கங்கு மூட்டி மூன்று நாள் புகை போடுவான். ஊர்க்கவுண்டர் கதவை வெளியே தாழிட்டுப் போய்விடுவார். அதுவரை உள்ளே இருப்பவன் ஒரு வார்த்தை பேசக் கூடாது. பேசினால் விதை முளைக்காதாம். ஊரார் யாரும் அந்தப் பக்கமே வரமாட்டார்கள். இந்த மூளைக்குச் சன்னல் ஒரு கேடு!

அவன் பெண்டாட்டி ராசம்மாள் மலையடிவாரத்துக் காரவள்ளி வரைக்கும் இறங்கி வந்து என் குதிரையை மறித்தாள்.

"ஏனுங்க, இந்தத் தளத்துக்குக் கீழ புகை போட்டா அவரு மூச்சு முட்டிச் செத்துப்போவாருங்க. உங்க ஊடா இருந்தாச் சும்மா இருப்பீங்களா?"

என் வீட்டோடு ஒப்பிடுகிறாள். பழமையின் அருமையைக் களி தின்கிறவளுக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? முடியாது என்று சொல்லிவிட்டேன்.

வெள்ளைக்காரத் துரைக்கு மட்டும் அனுமதி கொடுத்தாயே என்று கேட்பீர்கள். செம்மேட்டுப் பக்கம் பழைய சத்திரத்தில் தங்கியிருந்தபோது அவர் புழுக்கம் என்றார். அதுவும் பாதுகாக்கப்பட்ட கட்டடம்தான். சுவரை இடித்துக் கண்ணாடிச் சன்னல் வைத்துக் கொடுத்தேன். துரையும் செங்கோடனும் ஒன்றா?

கார்த்திகையில் மேற்பார்வைக்குப் போனேன். கோட்டையின் பின்சுவரில் இரண்டு கல்லைப் பெயர்த்து ஓட்டை போட்டிருந்தான். என் சுவரில். நான் முடியாது என்ற பிறகு. அதன் வழியே புகை வந்துகொண்டிருந்தது. கையை வைத்தேன், சுட்டது. உள்ளே அவன் இருக்கிறான், கதவு தாழிட்டிருக்கிறது, அவன் வாய் திறக்க மாட்டான். எல்லாம் எனக்குத் தெரியும். நான் எதையும் மறைக்கவில்லை.

என்னோடு வந்த கொத்தன் குப்புசாமி கீழ்நாட்டான். இந்த வழக்கமெல்லாம் அவனுக்குத் தெரியாது. ஓட்டையை அடைக்கச் சொன்னேன். பாதி அடைத்ததும் நிறுத்தினான்.

"உள்ள ஆரோ இருமறாங்க சாமி."

"ஆள் இருந்தால் கூப்பிட மாட்டானா? வேலையைப் பார்."

அப்போது உள்ளேயிருந்து இரண்டு விரல் வந்து ஈரச் சாந்தைத் தடவியது. குப்புசாமி கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினான். பயந்தாங்கொள்ளி. விரல்கள் உள்ளே போகும் வரை காத்திருந்து, கடைசிக் கல்லை நானே வைத்துப் பூசினேன். தாங்களே போய்ப் பாருங்கள். எந்தக் கல் பெயர்ந்தது என்று கண்டுபிடிக்க முடியாது.

கவுண்டர் கதவைத் திறந்தபோது, செங்கோடன் அந்தச் சுவரடியில் இரண்டு கையாலும் வாயைப் பொத்தியபடி கிடந்தானாம். விதை முளைக்க வேண்டுமே.

நான் கொன்றுவிட்டேன் என்கிறாள் ராசம்மாள். சாவான் என்று தெரிந்துதான் அடைத்தேன், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் நான் ஈவிரக்கம் இல்லாதவன் அல்ல, ஐயா. அன்றைக்கு உள்ளேயிருந்து அவன் வாய் திறந்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அனுமதி கொடுத்திருப்பேன்.