கத்தரிக்கோல் படாத பக்கம்

மேடையில் அமர்ந்திருக்கும் துணைவேந்தர் அவர்களே, தேர்வுப் பிரிவு அதிகாரி அம்மா அவர்களே, வரிச் சட்டத் துறையின் தலைவர் அவர்களே, முன்வரிசையில் இருக்கும், மறைந்த பேராசிரியர் அய்யாவின் மகளே, மருமகனே, இங்கே படித்துப் போய் வழக்கறிஞர்களாகவும் வரி அதிகாரிகளாகவும் திரும்பி வந்திருக்கும் பிள்ளைகளே, இடம் கிடைக்காமல் கதவோரம் நிற்கும் என் பழைய சக ஊழியர்களே, எல்லோருக்கும் வணக்கம்.

எனக்கு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு முன்னால் ஏழு பேர் பேசியாயிற்று. ஏழு பேரும் ஈடுசெய்ய முடியாத இழப்பு என்றார்கள். இருக்கலாம். ஆனால் மனிதர் உயிரோடு இருந்தபோது கேட்ட ஒன்றே ஒன்றை நம்மால் செய்து கொடுக்க முடியவில்லையே, அதற்கு என்ன பெயர்? ஒரு கடிதத்துக்குக் கையெழுத்துக் கேட்டார். பதினோரு வருஷம் கேட்டார். கிடைக்கவில்லை. அந்தக் கையெழுத்து விழாததால் ஒரு பெண்ணுக்கு இன்றுவரை பட்டம் இல்லை. அவரைப் புகழத்தான் மாடி ஏறி வந்தேன். அந்தக் கடிதத்தை ஒதுக்கி வைத்துவிட்டுப் புகழ எனக்குத் தெரியவில்லை.

முப்பத்து மூன்று வருஷம் இந்தத் துறையில் அலுவலக உதவியாளராக இருந்தேன். இரண்டாவது மாடி, வடக்குப் பக்கத்து வகுப்பறை. ஆறு ஜன்னல். இரண்டு திறக்காது. காலையில் நான் கதவைத் திறக்கும்போது அய்யா வாசலில் நின்றுகொண்டிருப்பார். ஒரு நாளும் "ஏன் தாமதம்" என்று கேட்டதில்லை. கேட்டவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் யார் யார், என்றைக்குக் கேட்டார்கள் என்பதெல்லாம் எனக்கு நினைவிருக்கிறது.

அவருக்குக் கத்தரிக்கோல் பேராசிரியர் என்று பெயர் வைத்தது பிள்ளைகள். எதனால்? வரிச் சட்டம் வருஷா வருஷம் மாறும். மாறியதும் அவர் தன் பாடக் குறிப்புகளை மேஜையில் விரித்து வைத்து, செத்துப்போன பிரிவுகளைக் கத்தரித்து எடுத்துவிட்டு, புதுசை எழுதி அந்த இடத்தில் ஒட்டுவார். பசை தடவிக் கொடுப்பது என் வேலை. தரையெல்லாம் காகிதத் துண்டு. "இதெல்லாம் நேத்துவரைக்கும் சட்டம்மா, இன்னிக்குக் குப்பை" என்பார். "குப்பைன்னு தெரிஞ்சா கூடையில போடுங்கய்யா, நானில்ல குனிஞ்சு பொறுக்குறேன்" என்பேன். உடனே அவரும் குனிந்து பொறுக்குவார். ஒரு பேராசிரியர் குனிந்து பொறுக்கி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு வழக்கமும் வைத்திருந்தார். ஒரு பிரிவைப் படித்து முடித்த பிள்ளை அதை என்னிடம் சொல்லிக் காட்ட வேண்டும். முதல் வருஷம் ஒரு பையன் முகத்தைச் சுளித்தான்.

"சார், அவங்க நாலாவதுதான் படிச்சிருக்காங்க."

"அதனாலதான்பா. எனக்கு இது மனப்பாடம், என்கிட்ட சொல்லி என்ன ஆகப்போகுது? நாளைக்கு உன்கிட்ட வர்ற கட்சிக்காரன் சட்டம் படிச்சிட்டா வரப்போறான்? அவங்க தலையாட்டினாங்கன்னா உனக்குப் புரிஞ்சிருக்குன்னு அர்த்தம்."

அப்படித்தான் நான் தலையாட்டத் தொடங்கினேன். எளிதில் ஆட்டமாட்டேன். ஒருவன் தேய்மானச் சலுகையைச் சொல்ல வந்தான். மிஷின் வருஷத்துக்கு இவ்வளவு தேயும், அதற்குக் கழிவு உண்டு என்றான். "மிஷினுக்கு உண்டு சரி. இந்த மாடிப்படி ஏறி இறங்கி என் முட்டி தேயுதே, அதுக்கு எந்தப் பிரிவுல சலுகை?" என்றேன். அய்யா சிரித்த சிரிப்பில் மூக்குக்கண்ணாடி கீழே விழுந்தது. "அதுக்கு இன்னும் சட்டம் வரலம்மா!"

இந்த வழக்கம் எல்லோருக்கும் பிடித்ததா? பிடிக்கவில்லை. மறைமுக வரி நடத்திய பேராசிரியர், துறைக் கூட்டத்தில், நான் டீ வைத்துக்கொண்டிருக்கும்போதே கேட்டார்: "இது சட்டக் கல்வியா, முதியோர் கல்வியா?" நடத்தியதும் மறைமுகம், பேசியதும் மறைமுகம். அன்று முதல் ஓய்வு பெறும் நாள்வரை அவருக்கு டீ கொடுக்கத் தவறியதில்லை. ஆறிய பிறகு கொடுத்தேன். அவர்தான் இப்போதைய துறைத்தலைவர். அதோ இருக்கிறார். இருக்கட்டும்.

பெரியோர்களே, விஷயத்துக்கு வருகிறேன்.

ஒரு வருஷம் அய்யாவின் மனைவி படுத்த படுக்கையானார். ஆஸ்பத்திரிக்கும் வகுப்புக்குமாக அலைந்தார் மனிதர். அந்த வருஷமும் சட்டம் மாறியது. அந்த வருஷமும் கத்தரித்தார், ஒட்டினார். ஆனால் ஒரே ஒரு பக்கம் விட்டுப்போயிற்று. மேல்முறையீட்டுக்கு நாள் எண்ணுகிற பக்கம். பழையதையே நடத்திவிட்டார்.

அந்த வகுப்பில் ஒரு தையல்காரர் மகள் இருந்தாள். பாடம் முடிந்தாலும் விடாமல், நூலகத்தில் புதுப் புத்தகத்தை எடுத்து ஒவ்வொரு பிரிவாக ஒத்துப் பார்க்கிற பெண். அய்யா ஆஸ்பத்திரிக்குப் போயிருந்த ஒரு நாள் என்னிடம் சொல்லிக் காட்ட வந்தாள்.

"அக்கா, உங்களுக்கு எதிரா வரி ஆபீஸ்ல ஒரு உத்தரவு போட்டுட்டாங்கன்னு வைங்க. முப்பது நாளைக்குள்ள மேல்முறையீடு பண்ணணும்."

"சரி."

"முந்தியெல்லாம் உத்தரவு போட்ட தேதியிலேர்ந்து எண்ணுவாங்க. அது உங்களுக்கு வந்து சேரவே இருபத்தஞ்சு நாள் ஆச்சுன்னா?"

"அஞ்சு நாள்தான் மிச்சம். நான் எங்க போயி வக்கீல் பிடிக்கிறது?"

"அதான் இந்த வருஷம் மாத்திட்டாங்க. உங்க கைக்கு வந்து சேர்ந்த நாள்லேர்ந்துதான் எண்ணணும்."

நியாயமாகப் பட்டது. தலையாட்டினேன்.

தேர்வில் இதே கேள்வி வந்தது. பத்து மதிப்பெண். அவள் எழுதியது சரி. அய்யா பூஜ்யம் போட்டார். அவர் நடத்தியபடியே பழைய சட்டத்தை எழுதிய பத்தொன்பது பேருக்கும் முழு மதிப்பெண். அந்தப் பத்தொன்பதில் சிலர் இங்கே இருக்கிறீர்கள். தலைகுனிய வேண்டாம், உங்கள் மேல் குற்றமில்லை. தேர்ச்சிக்கு ஐம்பது வேண்டும். அவளுக்கு நாற்பத்து நான்கு. மறுமதிப்பீடு கேட்டாள். விடைத்தாள் மறைமுக வரிப் பேராசிரியரிடம் போனது. அவர் புத்தகத்தைத் திறந்தாரா? தெரியாது. மறுபடியும் நாற்பத்து நான்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அந்தப் பெண் அழவில்லை. நான் பீரோ துடைத்துக்கொண்டிருந்த இடத்துக்கு வந்து நின்றாள். "அக்கா, அன்னிக்கு உங்ககிட்ட சொன்னதைத்தானே எழுதினேன்? நீங்க தலையாட்டினீங்களே?"

எனக்குச் சுருக்கென்றது. நேரே அய்யா அறைக்குப் போனேன்.

"அய்யா, அந்தப் பொண்ணு சொன்னப்போ, இந்த வருஷம் மாத்திட்டாங்கன்னு சொல்லுச்சு. கைக்கு வந்த நாள்லேர்ந்துன்னு."

"மாத்தலையேம்மா."

"மாத்திட்டாங்கன்னுதான் சொல்லுச்சு. நான் மறக்கமாட்டேன்."

புதுப் புத்தகத்தை எடுத்தார். புரட்டினார். அப்புறம் தன் குறிப்பை எடுத்தார். எல்லாப் பக்கத்திலும் ஒட்டு. அந்தப் பக்கம் மட்டும் வழவழவென்று இருந்தது. கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். "நான் தப்புப் பண்ணிட்டேம்மா" என்றார். என்னிடம் சொன்னார்! கூட்டிப் பெருக்குகிற என்னிடம்! யார் சொல்வார்கள்?

உடனே அடுத்த அறைக்கு, மறைமுக வரிப் பேராசிரியரிடம் போனார். கோப்பு கொடுக்கப் போனவள்போல நானும் பின்னாலேயே போய் வாசலில் நின்றேன். உள்ளே பேசியது ஒரு வார்த்தை விடாமல் கேட்டது.

"விடுங்க சார். நீங்களும் தப்பு, நானும் தப்புன்னு வெளிய தெரிஞ்சா துறை மானம் என்ன ஆகிறது? அந்தப் பொண்ணு அடுத்த தடவை எழுதிப் பாஸ் பண்ணிட்டுப் போகட்டும்."

அய்யா வெளியே வந்தார். நான்கு மாதம் இதைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. வீட்டில் சாவு காத்துக்கொண்டிருந்தது, உண்மைதான். ஆனாலும் அந்த நான்கு மாதத்தை நான் அவருக்கு மன்னிக்கவில்லை. அவரிடமே சொல்லியிருக்கிறேன். "மன்னிக்காதீங்க" என்றார். இறந்தவரைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று அய்யாவின் மகள் நினைக்கலாம். அம்மாடி, குறையே இல்லாதவர் என்று சொன்னால் அது வேறு யாரையோ சொன்னதாகும்.

மனைவி காரியம் முடிந்து அவர் வேலைக்கு வந்த முதல் நாள், தன் கையாலேயே கடிதம் எழுதினார். "சரியான விடைக்கு நான் பூஜ்யம் அளித்தேன். பிழை என்னுடையது. மாணவியின் மதிப்பெண்ணைத் திருத்த வேண்டுகிறேன்." தேர்வுப் பிரிவுக்கு நான்தான் கொண்டு போனேன். துறைத்தலைவர் பரிந்துரை எழுதினால்தான் எடுத்துக்கொள்வோம் என்றார்கள். அதற்குள் துறைத்தலைவராக யார் வந்திருந்தார்? சொல்லவேண்டியதில்லை. கடிதத்தைப் பார்த்தார். "பார்க்கலாம்" என்றார். மூன்றாவது பீரோ, இரண்டாவது தட்டு, நீலக் கோப்பு. இன்றும் அங்கேதான் இருக்கிறது. இப்போதைய தேர்வு அதிகாரி அம்மா போன வருஷம்தான் வந்தவர். அவர் மேல் எனக்கு ஒன்றும் இல்லை.

ஒவ்வொரு வருஷமும் கல்லூரி திறக்கும் நாளில் அய்யா ஒரு நினைவூட்டல் எழுதுவார். எட்டு நான் சுமந்தேன். நான் ஓய்வு பெற்ற பிறகு மூன்றை, நெஞ்சுவலிக்காரர், அவரே சுமந்தார். அதோடு விட்டாரா? புது வகுப்பின் முதல் பாடமாக இதையே சொன்னார். "சட்டம் மாறுச்சு, நான் மாறல. ஒரு பொண்ணோட வாழ்க்கை நின்னுபோச்சு. நீங்க திருத்துற இடத்துல உக்காரும்போது புத்தகத்தைத் திறந்து பாருங்க." பிள்ளைகளே, ஞாபகம் இருக்கிறதா? இருக்கும். இதைவிடப் பெரிய பாடம் இந்தக் கட்டடத்தில் யாராவது நடத்தினார்களா?

அந்தப் பெண்ணிடமும் போய்க் கெஞ்சினார். நானும் கூடப் போனேன்.

"மறுபடி எழுதிரும்மா. எனக்காக."

"சார், தப்பா எழுதினாதான் திரும்ப எழுதணும். நான் சரியாத்தானே எழுதியிருக்கேன்?"

வெளியே வந்து, "சட்டப்படி அவ சொல்றதுதான்மா சரி" என்று சிரித்தார். தெருமுனைவரை அந்தச் சிரிப்பு தாங்கவில்லை.

அவள் இப்போது ஒரு வரி ஆலோசகர் அலுவலகத்தில் இருக்கிறாள். மேல்முறையீடு முழுவதும் அவள் எழுதுவாள். அடியில் இன்னொருவர் கையெழுத்துப் போடுவார். வாதாட எழுந்து நிற்க அவளுக்கு உரிமை இல்லை. அவள் இந்த மண்டபத்தில்தான் இருக்கிறாள். யாரும் திரும்பிப் பார்க்க வேண்டாம்.

கடைசியாக ஆஸ்பத்திரியில் அய்யாவைப் பார்க்கப் போனேன். மூச்சு வாங்கியது. "அம்மா, அந்தக் கோப்பு பத்திரமா இருக்கா?" என்றார். எனக்குக் கோபம் வந்துவிட்டது. "பத்திரமா இருந்து என்னய்யா பண்றது? ஊறுகாயா?" என்றேன். நோயாளியிடம் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்குச் சொன்னாப் புரியும்னு நெனைச்சேன். நீங்கதான் எனக்குப் புரியவெச்சீங்க. இன்னும் ஒருத்தருக்குப் புரியவெக்கணும்மா" என்றார். இரண்டு நாளில் போய்விட்டார்.

எனக்கு அலுத்துவிட்டது, பெரியோர்களே. கோப்பு தூக்கி அலுத்துவிட்டது. கோபம் தூக்கி அதைவிட அலுத்துவிட்டது. இந்த வயதில் ஒருவர் மேல் பகை வைத்திருப்பது லேசான வேலையா? தினம் தண்ணீர் ஊற்ற வேண்டும்.

துறைத்தலைவர் அவர்களே, ஒரு சொல். அய்யாவும் புத்தகம் பார்க்கவில்லை, நீங்களும் பார்க்கவில்லை. இரண்டு பேரும் செய்தது ஒரே தப்பு. அதற்காக உங்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் அதை எழுதிக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகும் இந்தக் கூட்டத்துக்கு எத்தனை பேர் வந்திருக்கிறார்கள், பாருங்கள். அவர் மானம் எங்கே போயிற்று? துறை மானம் எங்கே போயிற்று? நீங்கள் பயந்தது எதுவுமே நடக்கவில்லையே!

அவர் பணியைத் தொடர்வோம் என்று ஏழு பேரும் உறுதி எடுத்தார்கள். நானும் எடுக்கிறேன். எனக்குத் தெரிந்த பணி ஒன்றுதான். நாளைக் காலை பத்து மணிக்கு உங்கள் அறை வாசலுக்கு வருவேன். நீங்கள் இரண்டு வரி எழுதிக் கொடுத்தால் தேர்வுப் பிரிவுக்கு நானே கொண்டு போவேன். கொடுக்காவிட்டால் மறுநாளும் வருவேன். படி ஏற நேரமாகும், ஆனால் வந்துவிடுவேன்.

உங்களுக்கும் ஒருநாள் இந்த மேடையில் படம் வைப்பார்கள். எனக்கும்தான் ஒரு நாள் உண்டு. யார் முந்துவோமோ தெரியாது. நான் பிந்தினால், முப்பத்து மூன்று வருஷம் கூட வேலை பார்த்தவள் என்று என்னைத்தான் பேசக் கூப்பிடுவார்கள். கூப்பிட்டால் வந்தே ஆக வேண்டும். வந்தால் நடந்ததைத்தான் சொல்லவேண்டும். எனக்கு வேறு பேச வராது.

உங்களைப் பற்றியும் நல்லதாகச் சொல்லிவிட்டுப் போகத்தான் எனக்கு ஆசை. வணக்கம்.